கேன்வாஸ்ல மிஞ்சினது ஒரே ஒரு பாதம்

பத்து வருஷமா ஒரு பெரியவர் ஒரே ஒரு படத்தை வரைஞ்சிட்டிருக்கார். யாருக்கும் காட்டினதில்ல. கேட்டா இன்னும் முடியலங்கறார், இன்னொரு நாள் கேட்டா முடிஞ்சிடுச்சு ஆனா காட்ட மாட்டேங்கறார். கடைசில எப்படியோ ஒரு நாள் ரெண்டு ஓவியர்கள் உள்ள போயிடறாங்க. படம் எங்கன்னு தேடறாங்க. அவர் பெருமையா கை நீட்டிக் காட்டற கேன்வாஸ்ல பொண்ணும் இல்ல முகமும் இல்ல, கலர் மேல கலர், கோட்டு மேல கோடு, அப்பி அப்பி சுவர் மாதிரி நிக்குது. கிட்டப் போய்ப் பாத்தா ஒரு மூலையில மட்டும் ஒரு பாதம் தெரியுது. வெறும் பாதம். அது மட்டும் அவ்வளவு உயிரோட இருக்கு, இப்பவே எடுத்து வச்சு நடந்துடும் போல.

இது பிரெஞ்சு எழுத்தாளர் ஒனோரே த பால்சாக் எழுதின கதை. 1831ல பாரிஸ்ல புதுசா ஆரம்பிச்ச 'லார்த்தீஸ்த்'ங்கற கலைப் பத்திரிகையில ரெண்டு பகுதியா வந்துது. தலைப்பைத் தமிழ்ல சொல்லணும்னா 'யாரும் அறியாத தலைசிறந்த படைப்பு'ன்னு சொல்லலாம். சின்னக் கதைதான், ஒரு மதியத்துல உக்காந்து படிச்சு முடிச்சிடலாம். ஆனா முழுமையான ஒரு படைப்பைச் செஞ்சே தீரணும்னு வெறி புடிச்சு அலையற கலைஞனைப் பத்தி அதுக்கப்புறம் பிரெஞ்சுல வந்த கதைகளுக்கெல்லாம் இதுதான் தாய்வீடு. அந்த வகைக் கதைன்னா என்ன, எதுக்கு நிஜ ஓவியர்களே இதைப் படிச்சுக் கலங்கிப் போனாங்க, புதுசா படிக்கறவங்க எதைக் கவனிக்கணும்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்றேன். முடிவையும் சொல்லிடுவேன் (மேலயே பாதி சொல்லிட்டேன்), அதனால ஒண்ணும் கெட்டுப் போகாது, முடிவு தெரிஞ்சு படிச்சா இந்தக் கதை இன்னும் அதிகமா வலிக்கும்.

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. ஒரு படம் முடிஞ்சிடுச்சுன்னு யார் முடிவு பண்றது? பழைய காலத்துல ஐரோப்பாவுல இது பெரிய பிரச்சினையே இல்ல. சர்ச்சுக்குப் பீடத்துல வைக்க ஒரு படம் வேணும், ராணிக்கு உருவப்படம் வேணும், ஒப்பந்தம் போடுவாங்க, இன்ன அளவு, இன்ன தேதின்னு இருக்கும், தேதி வந்தா கொண்டுபோய்க் குடுத்துட்டுக் காசை வாங்கிக்கணும், அவ்வளவுதான். பிரெஞ்சுப் புரட்சிக்கு அப்புறம், 1820கள் 1830கள்ல, கலைஞன்னா சொன்னதைச் செஞ்சு குடுக்கற ஆள் இல்ல, அவனுக்குள்ள யாருக்கும் இல்லாத ஒரு ஜோதி எரியுதுன்னு, உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் குடுத்த ரொமான்டிக் காலத்து ஆளுங்க பேச ஆரம்பிச்சாங்க. அந்தப் பேச்சு கலைஞனைத் தூக்கி மேல உக்கார வச்சுது. கூடவே அவன் தலையில ஒரு பாரத்தையும் ஏத்திடுச்சு, ஏன்னா "போதும்பா, குடு"ன்னு சொல்ற ஆள் இனிமே வெளிய இல்ல, அவனேதான் சொல்லிக்கணும். அவனால சொல்ல முடியலன்னா? இந்தக் கதைங்க எல்லாம் பொறந்த இடம் அந்தக் கேள்விதான்னு நான் நினைக்கறேன்.

இன்னொண்ணும் நடந்துட்டிருந்துது. ஜெர்மன் எழுத்தாளர் ஹோஃப்மனோட கதைகள் 1829 வாக்குல பிரெஞ்சுல வர ஆரம்பிச்சு, பாரிஸ்ல படிக்கறவங்க எல்லாரும் அதுல கிறங்கிக் கிடந்தாங்க. பித்துப் புடிச்ச இசைக்கலைஞர்கள், எது கனவு எது நிஜம்னு தெரியாத ராத்திரிகள். பால்சாக் கதையும் அந்த அலையிலதான், 'விந்தைக் கதை'ங்கற அடையாளத்தோட வந்துது. ஆனா இதுல பேய் கிடையாது, மந்திரம் கிடையாது. ஒரு ஆளோட மனசுக்குள்ள நடக்கறதுதான் விந்தை.

இப்ப கதைக்கு வருவோம். காலம் 1612 கடைசி, டிசம்பர் மாசக் குளிர். பாரிஸ்ல கிரான் ஓகுஸ்தன் தெருவுல கந்தல் மாதிரி துணி போட்டுக்கிட்டு ஒரு சின்னப் பையன் ஒரு வீட்டு வாசல்ல போறதும் வர்றதுமா தயங்கிட்டிருக்கான், முதல் காதலி வீட்டு வாசல்ல நிக்கறவன் மாதிரி. அவன் பேர் நிக்கோலா பூசான். பின்னாடி பிரான்ஸோட மிகப் பெரிய ஓவியர்கள்ல ஒருத்தரா ஆகப்போற அதே நிஜ பூசான்தான், 1594ல பொறந்தவர், கதை நடக்கறப்ப பதினெட்டு வயசு. அந்த வீடு போர்புஸோடது, அவரும் நிஜ ஆள்தான், ராணி மரி த மெடிசிக்கு ஓவியரா இருந்தவர். மாடிப்படியில ஏறி வர்ற மூணாவது ஆள்தான் பால்சாக் கற்பனையில செஞ்ச கிழவர், ஃப்ரென்ஹோஃபர். ரெம்பிராண்ட் ஓவியம் ஒண்ணு சட்டத்தை விட்டு இறங்கி சத்தமில்லாம நடந்து வந்தா எப்படி இருக்குமோ அப்படி இருந்தார்னு பால்சாக் எழுதறார். 1612ல ரெம்பிராண்ட் ஆறு வயசுக் குழந்தை. அது மட்டும் இல்ல, இந்தக் கிழவர் மாபூஸ்ங்கற பெரிய ஓவியரோட ஒரே சிஷ்யன்னு வேற கதை சொல்லுது, மாபூஸ் செத்தது 1532ல, கணக்குப் போட்டா கிழவருக்கு நூறு வயசாவது இருக்கணும். பால்சாக் தெரிஞ்சுதான் செஞ்சாரா தெரியாம செஞ்சாரான்னு நான் மண்டைய உடைச்சுக்க மாட்டேன், படிக்கறப்ப நமக்கு வர்ற உணர்வு என்னன்னா இந்த ஆள் எந்தக் காலத்தையும் சேர்ந்தவர் இல்லங்கறதுதான், அது கதைக்கு ரொம்பவே ஒத்துப்போகுது.

போர்புஸ் ராணிக்காக எகிப்து மரியாங்கற புனிதரோட படத்தை வரைஞ்சு வச்சிருக்கார். பூசானுக்குப் பாத்த உடனே புல்லரிக்குது. கிழவர் பாத்துட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா இவளுக்கு உயிர் இல்லங்கறார். முதல்ல பாத்தா அற்புதம், ரெண்டாவது தடவை பாத்தா இவ துணியில ஒட்டி வச்ச மாதிரி இருக்கா, இவளைச் சுத்தி வந்து பாக்க முடியாது, இவளுக்குப் பின்பக்கமே கிடையாது, இந்தத் தோலுக்கு அடியில ரத்தம் ஓடல. கலையோட வேலை இயற்கையை நகல் எடுக்கறது இல்ல, அதை வெளிப்படுத்தறதுங்கறார். இன்னொண்ணு சொல்றார், அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது: நீ ரெண்டு வழிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டே, கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவுல, ஜெர்மன் ஆளுங்களோட கறாரான கோடும் வேணும் வெனிஸ் ஆளுங்களோட கொதிக்கற வண்ணமும் வேணும்னு ரெண்டையும் ஒண்ணா புடிக்கப் பாத்தே, ரெண்டும் கைக்கு வரல.

இந்தக் கோடா வண்ணமாங்கற சண்டையைக் கொஞ்சம் விளக்கறேன், இது தெரியாம படிச்சா கதையில பாதி காத்துல போயிடும். ஒரு முகத்தை வரையறதுக்கு ரெண்டு நம்பிக்கை இருக்கு. ஒண்ணு, முதல்ல உருவத்தோட விளிம்பைத் துல்லியமா கோட்டால புடி, வண்ணம் அப்புறம் போட்டுக்கற ஆடை. இன்னொண்ணு, நம்ம கண்ணுக்குத் தெரியறது வெளிச்சமும் நிழலும்தான், விளிம்புன்னு தனியா ஒண்ணு எங்கயும் இல்ல, அதனால வண்ணத்தால உருவத்தை எழுப்பு. பிரான்ஸ்ல 17ஆம் நூற்றாண்டு கடைசியில ஓவிய அகாடமியே இதுல ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுது, கோட்டுக் கட்சிக்காரங்களுக்கு என்ன பேர் தெரியுமா, பூசான் ஆளுங்க! வண்ணக் கட்சி, ரூபன்ஸ்ங்கற ஓவியரோட ஆளுங்க. பால்சாக் எழுதின காலத்துல இதே சண்டை கோட்டுக்கு ஆங்கர்ங்கற ஓவியர் ஒரு பக்கம், வண்ணத்துக்கு தெலாக்ருவாங்கற ஓவியர் ஒரு பக்கம்னு மறுபடி சூடா நடந்துட்டிருந்துது, கதை வந்த அதே 1831லதான் தெலாக்ருவாவோட கொடி புடிச்ச சுதந்திர தேவி படத்தை பாரிஸ் சலோன் கண்காட்சியில வச்சாங்க. அதனால அன்னைக்கு இந்தக் கதையைப் படிச்சவங்களுக்கு இது 1612 விஷயமா இருந்திருக்காது, போன வாரம் கண்காட்சியில தங்களுக்குள்ளயே பேசிக்கிட்ட விஷயமா இருந்திருக்கும். ஃப்ரென்ஹோஃபர் வண்ணப் பக்கம் சாஞ்சவர். இயற்கையில கோடே கிடையாதுன்னு அடிச்சுச் சொல்றார். அந்த வார்த்தையை மனசுல வச்சுக்கங்க, கடைசியில அந்தக் கேன்வாஸைப் பாக்கறப்ப அது திரும்ப வரும்.

அப்புறம் கிழவர் சட்டைக் கைய மடிச்சு விட்டுட்டு போர்புஸோட பிரஷ்ஷை வாங்கி அந்தப் படத்து மேலயே வேலை செய்ய ஆரம்பிக்கறார். இங்க ஒரு தொடல், அங்க ஒரு தொடல், வாய் பேசிட்டே இருக்கு, கை பறக்குது. கொஞ்ச நேரத்துல படம் மூச்சு விட ஆரம்பிச்சிடுது. தொண்டையைச் சுத்தி காத்து ஓடுது, துணி அசையுது.

இந்த இடத்துல நிறுத்திப் படிங்க. இந்தக் கதையை நிறைய பேர் "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு"ங்கற பழமொழிக்கு உதாரணமா எடுத்துக்கறாங்க, ஒரு கிழவன் ஓவரா போனான், கெட்டான், முடிஞ்சுது. அப்படின்னா பால்சாக் எதுக்கு இந்தக் காட்சியை முதல்லயே வைக்கணும்? கிழவர் டுபாக்கூர் இல்லன்னு நமக்கு நிரூபிக்கத்தான். அவர் கண்ணு உண்மையான கண்ணு, அவர் சொன்ன குறை உண்மையான குறை, அவர் கை பட்டா படம் நிஜமாவே உயிர் பெறுது. அடுத்தவங்க படத்தை அஞ்சு நிமிஷத்துல காப்பாத்தற அதே கைதான் சொந்தப் படத்தைப் பத்து வருஷத்துல மூடிப் புதைக்குது. வித்தியாசம் என்ன? போர்புஸ் படத்துல அவருக்கு எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சுது, ஏன்னா அது அடுத்தவர் படம்.

அங்கேருந்து கிழவர் வீட்டுக்குப் போறாங்க, அங்கதான் அந்த ரகசியப் படத்தைப் பத்திப் பேச்சு வருது. காத்ரீன் லெஸ்கோங்கற பொண்ணோட படம், 'வம்புக்கார அழகி'ன்னு அவளுக்குப் பட்டப்பேர். பத்து வருஷம் ஆச்சு, இயற்கையோட மல்லுக்கட்டறப்ப பத்து வருஷம் எம்மாத்திரம்ங்கறார். பிக்மேலியன் தன் சிலையைச் செய்ய எத்தனை நாள் எடுத்துக்கிட்டான்னு யாருக்குத் தெரியும்னு கேக்கறார். பிக்மேலியன் கதை தெரியாதவங்களுக்கு: அவன் ஒரு சிற்பி, தந்தத்துல தானே செஞ்ச பொம்மை மேல காதல் கொண்டு வேண்டிக்கறான், காதல் தேவதை மனசு இரங்கி அதுக்கு உயிர் குடுத்துடறா. ஃப்ரென்ஹோஃபருக்கு வேண்டியது அதுதான். நல்ல படம் வேண்டாம் அவருக்கு, பொண்ணு வேணும். அவளைப் பத்தி அவர் பேசறப்பல்லாம் மனைவியைப் பத்திப் பேசற மாதிரியேதான் பேசறார், அடுத்தவனுக்கு எப்படிக் காட்டுவேன்னு கேக்கறார்.

போர்புஸ் பெரிய மேதை இல்ல, நிதானமான ஆள், அதனாலதான் நோய் என்னன்னு சரியாச் சொல்றார். கிழவர் மத்த எல்லா ஓவியர்களையும் விட உயரத்துலயும் தூரத்துலயும் பாக்கறவர், ஆனா தோண்டித் தோண்டி யோசிச்சு யோசிச்சு கடைசியில தான் தேடற பொருள் மேலயே சந்தேகம் வந்துடுச்சு, கோடுன்னு ஒண்ணு இருக்கான்னே நம்பிக்கை போயிடுச்சு. ஓவியன் யோசிக்கலாம் ஆனா பிரஷ் கையில இருக்கறப்ப மட்டும்தான் யோசிக்கணும்னு பூசானுக்குச் சொல்றார். எழுதறவங்க, பாடறவங்க, கம்ப்யூட்டர்ல ப்ரோக்ராம் எழுதறவங்க யாரா இருந்தாலும் இந்த ஒரு வரியோட கொஞ்ச நேரம் உக்காந்திருக்கலாம்.

இப்ப ஜிலெட். பூசானோட காதலி, அவன் தங்கியிருக்கற ஏழை அறையில அவனுக்காகக் காத்திட்டிருக்கறவ. கிழவருக்குப் படத்தைச் சரிபாக்க குறையே இல்லாத ஒரு அழகி மாடலா வேணும், அதைத் தேடி கிரீஸ், துருக்கி, ஆசியான்னு கிளம்பப் போறேன்னு புலம்பிட்டிருக்கார். பூசானுக்கு அந்த ரகசியப் படத்தை எப்படியாவது பாத்துடணும். ஜிலெட்டைக் கூட்டிட்டுப் போய் நிறுத்தினா கதவு திறக்கும்! அவகிட்ட கேக்கறான். அவ ஏற்கனவே இவனுக்கு மாடலா இருந்திருக்கா, ஆனா அது வேண்டாம்ங்கறா, ஏன்னா வரையறப்ப நீ என்னைப் பாத்துட்டே இருக்கே, ஆனா என்னை நினைக்கறதில்லங்கறா. ஒரு பொண்ணு இதைவிடத் துல்லியமா ஒரு கலைஞனைப் பத்திச் சொல்லி நான் படிச்சதில்ல. அடுத்தவர் முன்னாடி ஆடையில்லாம நிக்கச் சொல்ற, அப்ப நீ என்னை நேசிக்கலன்னு அழறா, அப்புறம் சரிங்கறா, அவனுக்காக. சரின்னு சொன்ன அந்த நிமிஷமே அவ மனசுல அவன் கொஞ்சம் கீழ இறங்கிடறான்னு பால்சாக் ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடறார்.

மூணு மாசம் கழிச்சு பேரம் நடக்குது. முதல்ல கிழவர் கொதிக்கறார், என் காத்ரீனை அடுத்தவன் கண்ணு படறதா, அவளை எரிச்சாலும் எரிப்பேன் காட்ட மாட்டேங்கறார். போர்புஸ் சொல்றார், பொண்ணுக்குப் பொண்ணு, பூசான் மட்டும் தன் காதலியைக் காட்டலயா? அப்ப ஜிலெட் உள்ள வந்து நிக்கறா. கிழவர் மனசு மாறுது. என் படம் இவ பக்கத்துல நின்னு ஜெயிக்கட்டும்னு அவளை உள்ள கூட்டிட்டுப் போறார். வெளிய பூசான் கத்திப்பிடி மேல கைய வச்சுக்கிட்டு நிக்கறான், அவ குரல் குடுத்தா பாஞ்சுடலாம்னு. அவளை உள்ள அனுப்பினவனே அவன்தான்.

கொஞ்ச நேரத்துல கிழவர் கூப்பிடறார், வாங்க, என் வேலை முழுமையா இருக்குங்கறார். உள்ள போனதும்தான் நான் ஆரம்பத்துல சொன்ன காட்சி. ரெண்டு பேரும் தேடறாங்க. கிழவர் சொல்றார், நீங்க ஒரு பொண்ணு முன்னாடி நின்னுக்கிட்டு படத்தைத் தேடறீங்க, அதான் கண்ணுக்குத் தெரியல. பாவம், அவருக்கு அங்க கூந்தல் தெரியுது, மூச்சு தெரியுது. அப்புறம் இவங்களுக்கு அந்தப் பாதம் தெரியுது. தீயில எரிஞ்ச ஊரோட இடிபாட்டுக்கு நடுவுல வெள்ளைக் கல்லு வீனஸ் சிலை ஒண்ணு உடைஞ்சு கிடந்தா எப்படி இருக்குமோ அப்படி. போர்புஸ் கத்தறார்: இதுக்கு அடியில ஒரு பொண்ணு இருக்கா! அடுக்கடுக்கா சரிபண்ணிச் சரிபண்ணி மேல பூசினதுல அவ உள்ள புதைஞ்சிட்டா.

பூசான்தான் வாய விடறான், என்னைக்காவது ஒரு நாள் இந்தக் கேன்வாஸ்ல ஒண்ணும் இல்லன்னு இவருக்கே தெரியத்தானே போகுதுன்னு. கிழவர் காதுல விழுந்துடுது. படத்தைப் பாக்கறார், தள்ளாடறார். ஒண்ணும் இல்லையா, பத்து வருஷம் உழைச்சு ஒண்ணுமே இல்லையான்னு உக்காந்து அழறார். அடுத்த நிமிஷமே எழுந்து, இல்ல, எனக்குத் தெரியறா, நீங்க பொறாமைக்காரங்க, என்கிட்டேருந்து திருடப் பாக்கறீங்கங்கறார். பச்சைத் துணியை எடுத்துப் படத்தை மூடறார், நகைக்கடைக்காரர் ஒருத்தர் திருடங்க வந்திருக்காங்களோன்னு சந்தேகத்தோட டிராயரைப் பூட்டற மாதிரி. எல்லாரையும் வெளிய அனுப்பிடறார். மறுநாள் போர்புஸ் விசாரிக்கப் போனா, ராத்திரியே தன் படங்களை எல்லாம் எரிச்சிட்டு செத்துப் போயிட்டார்னு சொல்றாங்க.

இந்த எரிக்கற முடிவு 1831ல வந்த வடிவத்துல இல்ல. பால்சாக் 1837ல கதையை மறுபடி எடுத்து, கோடு வண்ணம் பத்தின பேச்சையெல்லாம் நல்லா விரிச்சு எழுதினப்ப சேர்த்தது. அதுக்கப்புறமும் விடல, தன்னோட மாபெரும் தொகுப்பான 'மானுட நாடகம்' வரிசையில சேர்க்கறப்ப தொட்டார், 1847ல இன்னொரு தடவை வேற பேர்ல போட்டார். பதினாறு வருஷம்! அச்சகத்துக்காரங்க இவர் ப்ரூஃபைப் பாத்தாலே நடுங்குவாங்களாம், அச்சுல வந்த பக்கத்தைச் சுத்தி நாலு பக்கமும் மறுபடி எழுதி, புதுப் பத்தி சேர்த்து அனுப்புவார், திருத்தறதுக்கு ஆன செலவு அவர் கணக்குலயே ஏறும், ஏற்கனவே சின்ன வயசுல அச்சகம் நடத்தி நொடிச்சுப் போய் கடன்ல இருந்த மனுஷன். நிறுத்தத் தெரியாத ஒருத்தரைப் பத்தி எழுதின ஆளுக்கே நிறுத்தறது கஷ்டமா இருந்திருக்கு. அதனாலதான் ஃப்ரென்ஹோஃபர் மேல கதைக்கு இவ்வளவு பாசம் இருக்குன்னு எனக்குத் தோணும்.

இந்தக் கதை ஓவியர்களை எப்படிப் புடிச்சுதுன்னு பாருங்க. பிரெஞ்சு ஓவியர் செசான் கடைசி வருஷங்கள்ல எக்ஸ்ங்கற ஊர்ல இருந்தப்ப அவரைப் பாக்கப் போன எமில் பெர்னார்ங்கற இளம் ஓவியர் எழுதி வச்சிருக்கார்: பேச்சுல ஃப்ரென்ஹோஃபர் பேர் வந்ததும் செசான் மேசையை விட்டு எழுந்து, ஒண்ணும் பேசாம, ஆள்காட்டி விரலால தன் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினாராம், அது நான்தாங்கற மாதிரி, கண்ணு கலங்கியிருந்துதாம். இதே செசான் 1899ல வொலார்ங்கற ஓவிய வியாபாரியோட உருவப்படத்தை வரைஞ்ச கதையை வொலாரே எழுதியிருக்கார், 115 தடவை உக்கார வச்சாராம், கடைசியில படத்தை அப்படியே விட்டுட்டு, சட்டையோட முன்பக்கம் பரவாயில்லைன்னாராம். கையில ரெண்டு சின்ன இடம் வண்ணமே படாம வெறுமையா இருந்துது, அதைக் கேட்டதுக்கு, ஏதோ ஒரு கலரை அங்க வச்சுட்டா அதுலேருந்து ஆரம்பிச்சு மொத்தப் படத்தையும் திரும்பப் போடணுமேன்னாராம். அந்தச் சட்டை முன்பக்கம்தான் செசானோட பாதம்னு நான் நினைச்சுக்குவேன். ஆனா செசான் கேன்வாஸை மூடல. வெறுமையான இடத்தை வெறுமையாவே விட அவருக்குத் தைரியம் இருந்துது.

அதே வொலார்தான் 1931ல, கதை வந்து சரியா நூறு வருஷம் கழிச்சு, பிகாசோ படங்களோட இந்தக் கதையைப் புத்தகமாப் போட்டார். அதுல ஒரு படம் எனக்கு ரொம்பப் புடிக்கும்: ஒரு அம்மா அமைதியா உக்காந்து ஸ்வெட்டர் பின்ற மாதிரி பின்னிட்டிருக்காங்க, முன்னாடி ஓவியர் அவங்களை உத்துப் பாத்து வரையறார், அவர் கேன்வாஸ்ல இருக்கறது வெறும் கோட்டுச் சிக்கல். 1937ல பிகாசோ அதே கிரான் ஓகுஸ்தன் தெருவுல, கதவு எண் 7ல ஸ்டுடியோ புடிச்சார், தன்னோட புகழ்பெற்ற கெர்னிகா ஓவியத்தை வரைஞ்சது அங்கதான். அப்புறம் 1991ல ஜாக் ரிவெத்ங்கற பிரெஞ்சு இயக்குநர் இதை வச்சு நாலு மணி நேர சினிமா ஒண்ணு எடுத்தார், அதுல முடிஞ்ச ஓவியத்தை நமக்குக் காட்டவே மாட்டாங்க, சுவத்துக்குள்ள வச்சுப் பூசிடுவாங்க.

ஃப்ரென்ஹோஃபர் தன் காலத்துக்கு முன்னாடியே அரூப ஓவியம் வரைஞ்சிட்டார், பாத்தவங்களுக்குத்தான் கண்ணு இல்லன்னு சிலர் சொல்றது உண்டு. கேக்க நல்லா இருக்கு, ஆனா எனக்கு ஒத்துவரல. அவரே அழுதாரே! அவர் கேட்டது உருவமில்லாத வண்ணத்தை இல்ல, மூச்சு விடற ஒரு உடம்பை. இயற்கையில கோடே இல்லன்னு சொன்னவர் கேன்வாஸ்ல கடைசியில கோட்டுச் சிக்கல்தான் தெரியுது, அது வலிக்கற விஷயம். அந்தப் பாதத்தை மறந்தாத்தான் அந்த விளக்கம் சரியா வரும், மறக்க முடியலயே.

மத்த கதைகளைச் சுருக்கமாச் சொல்லிடறேன். பால்சாக்கே இதுக்கு முந்தின வருஷம், 1830ல, 'சராசீன்' எழுதினார். சராசீன்ங்கற சிற்பி 1758ல ரோமுக்குப் போறான், மேடையில சாம்பினெல்லாங்கற பாடகியைப் பாத்து, இத்தனை நாளா துண்டு துண்டா பல பொண்ணுங்ககிட்ட தேடின முழு அழகு இதோன்னு பித்தாகி சிலை செய்யறான். போப் ஆட்சியில பொண்ணுங்க மேடை ஏறக் கூடாது, அந்தப் பாடகி குரலுக்காகச் சின்ன வயசுலயே காயடிக்கப்பட்ட ஆண்னு பின்னாடி தெரியுது. சிலையை உடைக்க சுத்தியலை வீசறான், குறி தவறிடுது, அவனைக் கொன்னுடறாங்க, சிலை தப்பிச்சிடுது. 1837ல வந்த 'காம்பாரா'வுல ஒரு இசையமைப்பாளர், தெளிவா இருக்கறப்ப அவர் வாசிக்கறது கேக்கறவங்க காதுக்கு இரைச்சல், அவருக்கு மட்டும் தெய்வ இசை, குடிச்சா மட்டும் எல்லாரையும் உருக்கற மாதிரி வாசிப்பார். மூணு கதையிலயும் எலும்புக்கூடு ஒண்ணுதான், தலைக்குள்ள இருக்கறது முழுசா இருக்கு, வெளிய வர்ற வழியில உடையுது.

நூத்தி இருபத்தாறு வருஷம் தள்ளி, 1957ல பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு எழுதின ஜோனாஸ்ங்கற ஓவியன் கதையை இதுக்கு ஜோடியா படிக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஃப்ரென்ஹோஃபர் யாரையும் உள்ள விடல, ஜோனாஸ் எல்லாரையும் விட்டான். பேர் கிடைச்சதும் வீடு பூரா நண்பர்கள், சிஷ்யங்க, ரசிகருங்க, கடிதம், ஃபோன், நடுவுல மனைவி லூயிஸ், குழந்தைங்க, எல்லாரும் நல்லவங்கதான், அவனும் நல்லவன்தான், வரைய மட்டும் இடமும் நேரமும் இல்ல. கடைசியில வீட்டுக்குள்ளயே உசரத்துல ஒரு சின்னப் பரண் கட்டி இருட்டுல போய் உக்காந்துடறான். மயங்கி விழுந்த அப்புறம் அவனோட நண்பன் ரத்தோ அந்தக் கேன்வாஸைப் பாக்கறான். முழுசும் வெள்ளை. நடுவுல ரொம்பச் சின்ன எழுத்துல ஒரு வார்த்தை, அது 'சோலிட்டேர்'னு இருக்கா 'சோலிடேர்'னு இருக்கான்னு புரியல. முதலாவதுக்கு அர்த்தம் தனியா இருக்கறவன், ரெண்டாவதுக்கு அர்த்தம் மத்தவங்களோட சேர்ந்து நிக்கறவன். தமிழ்ல எழுதினாலும் பாருங்க, ஒரே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். ஒருத்தர் கேன்வாஸ்ல இடமே இல்லாத அளவுக்கு வண்ணம், இன்னொருத்தன் கேன்வாஸ்ல ஒரே ஒரு வார்த்தை. ஆனா ஜோனாஸ் சாகல, பொழைச்சுக்குவான்னு டாக்டர் சொல்றார், கீழ குழந்தைங்க சத்தம் கேட்டு அவன் சந்தோஷப்படறான். அந்த ஒரு மாற்றத்துக்காகவே காம்யுவை எனக்குப் புடிக்கும்.

எதுலேருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா பால்சாக் கதையிலேருந்தே ஆரம்பிங்க. முதல் சில பக்கங்கள்ல ஓவிய நுணுக்கம் கொஞ்சம் அதிகமா வரும், புரியலன்னா தாண்டிப் போயிட்டு ரெண்டாவது தடவை வாங்க. அந்த ரெண்டாவது தடவையில கடைசிக் காட்சியில கேன்வாஸைப் பாக்காதீங்க, ஜிலெட் எங்க இருக்கான்னு பாருங்க. மூணு ஆம்பளைங்க அந்தப் படத்துல பொண்ணு இருக்காளா இல்லையான்னு வாதம் பண்ணிட்டிருக்கறப்ப, நிஜப் பொண்ணு ஒருத்தி அதே அறையில ஒரு மூலையில உக்காந்து அழுதுட்டிருக்கா, பூசானே அவளை மறந்துட்டான். அழுகைச் சத்தம் கேட்டு என்ன ஆச்சுன்னு ஓடி வர்றான், திடீர்னு மறுபடி காதலனாகி. என்னைக் கொன்னுடு, இன்னமும் உன்னைக் காதலிச்சா நான் கேவலமானவங்கறா, உன்னைக் காதலிக்கறேன், ஆனா இப்பவே வெறுக்க ஆரம்பிச்சுட்டேன்னு நினைக்கறேங்கறா. அவளுக்கு அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கதையில ஒரு வரி கூட இல்ல. 1847ல பால்சாக் இந்தக் கதையை வேற பேர்ல போட்டார்னு சொன்னேன் இல்லையா, அந்தப் பேர் 'ஜிலெட்'.